உரிக்காமல் விட்ட தாள்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு தெர்மல் பேடின் தாளை உரித்தேன். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும், நீ பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிவிட்டேன். டெங்குவில் நீ போய் இரண்டு துர்கா பூஜை கடந்துவிட்டது. இன்னும் திரும்புகிறேன், பார்.

செயற்கைக்கோளின் மின்னணுப் பெட்டி ஓடினால் சூடாகும். அங்கே காற்று இல்லை, மின்விசிறி வைத்தும் பயனில்லை. ரப்பர் போன்ற அந்தப் பேட் வழியாகச் சூடு வெளித்தகட்டுக்குப் போய், அங்கிருந்து கதிராக வெளியேற வேண்டும். "மே மாசம் பவானிபூர் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றவளுக்கு இதச் சொல்லியா தரணும்?" என்று சிரிப்பாய்.

பேடின் ஒரு பக்கம் நீலத் தாள், மறுபக்கம் கண்ணுக்கே தெரியாத தெளிவான தாள். தாள் நடுவில் நின்றால் சூடு சரியாகக் கடக்காது; இரண்டையும் உரித்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். உரித்ததைப் பதிவேட்டில் ஒட்டி, உரித்தவர் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது நீ கொண்டுவந்த வழக்கம். வாய்ச்சொல்லை நம்பாதவள் நீ. அன்றைக்கு மட்டும் என்னை நம்பினாய்.

"ரெண்டும் உரிச்சாச்சாடீ?"

"ஆச்சு, ஆச்சு. நாளைக்கு ஒட்டிக்கிறேன். நீ மூடு."

கரியாஹாட்டில் பூஜைக்குப் புடவை எடுக்கப் போகும் அவசரம் எனக்கு. நீலத்தை மட்டும்தான் உரித்திருந்தேன்.

மறுநாள், காற்றை உறிஞ்சி எடுத்த சோதனை அறைக்குள் பெட்டியின் சூடு ஏறிக்கொண்டே போனது. அணைப்பதற்குள் கருகிவிட்டது. திறந்து பார்த்தபோது அந்தத் தெளிவான தாள் சுருங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே நீ எழுந்து, சரிபார்த்தது நான், பொறுப்பு என்னுடையது என்றாய். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த செயற்கைக்கோளின் குழுவில் உன் பெயர் இல்லை. ராக்கெட் கிளம்புவதை ஒருமுறையாவது நேரில் பார்க்க ஆசைப்பட்டவள் நீ. போய்ப் பார்த்துவிட்டு வந்தது நான்.

டாக்குரியா ஏரிக்கரையில் ஒரு மாலை மெதுவாகச் சொன்னாய்: "எதுவா இருந்தாலும் உள்ளயே வச்சுக்காதடீ." நான் காரப்பொரி விற்கும் ஜால்முரிக்காரரைக் காட்டி, "பசிக்குது" என்றேன். வாங்கிக் கொடுத்தாய். எனக்குக் காரம் ஆகாது என்று அவரிடம் சொல்லவும் மறக்கவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். காய்ச்சல் விட்டது. மறுநாள் நீயும் போய்விட்டாய்.

இத்தனை நாளும் தொடப் பயந்த அந்தப் பழைய பதிவேட்டை இன்று திறந்தேன். மறுநாள் நான் ஒட்டிய நீலத் தாள், பக்கத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே, நான் எதிர்பார்க்கவே இல்லை, அந்தப் பழுப்பேறிய தாள். சுருக்கம் நீவி ஒட்டியிருக்கிறாய். 'உரித்தவர்' கட்டம் காலி. என் பெயரை நீ எழுதவில்லை. எனக்காக விட்டுவைத்திருந்தாய்.

'உரிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வக இயக்குநரிடம் கொண்டுபோய் வைத்தேன். "ஏத்தோதின் பொரே?" என்றார். இத்தனை நாள் கழித்தா என்று கேட்கிறார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

நீ போனதிலிருந்து யாராவது உரிச்சாச்சா என்று கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. இரண்டு தாளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறேன். உன்னிடம் ஒருமுறை அப்படி நீட்டியிருக்கலாம்.