பங்க்சர் கடையில் ஒட்டிக்கொண்ட செபம்

மேலே ஜம்மென்று உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் என் அந்தோணி மச்சானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேடு. நீ போன நாளுக்கான வருஷப் பூசையில் நான் தூங்கிவிட்டேன். உன் பெயரை வாசித்தபோது கோவிலே அமைதியாக இருந்ததாம், என் குறட்டை மட்டும் கேட்டதாம். உன் தங்கச்சி ஜெயா இடித்த இடி இன்னும் விலாவில் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த அசதி மச்சான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இடித்ததும் நல்லதற்குத்தான். சாமியார் பிரசங்கத்தில், மாப்பிள்ளைக்காக விளக்கோடு காத்திருந்த பத்துப் பெண்களின் கதை வந்தது. கூடுதல் எண்ணெய் கொண்டுவந்த ஐந்து பேர் உள்ளே போனார்கள், கொண்டுவராத ஐந்து பேர் வெளியே நின்றார்கள். ஆனால் மாப்பிள்ளை வரத் தாமதமானபோது பத்துப் பேருமேதான் தூங்கியிருக்கிறார்கள், கவனித்தாயா? புத்திசாலிகளும் சேர்த்து! ஜெயாவிடம் சொன்னேன். "உங்க குறட்டைக்கு பைபிள்ல ஆதாரம் தேடாதீங்க" என்றாள்.

நீ எண்ணெய் சேர்த்தவன். முத்தியால்பேட்டையில் உன் பங்க்சர் கடையைத் திறந்ததும், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே ஒரு செபம் சொல்வாய். "ஆண்டவரே, நீர் கூப்பிடும்போது பயமில்லாமல் எழுந்து வர, இன்றைக்கே என்னைத் தயார் செய்யும்." பெயிண்ட் வேலைக்குப் போகிற வழியில் நான் உன் கடையில் டீ குடித்துக்கொண்டு கிண்டலடிப்பேன்.

"இன்னா மச்சான், சாவுக்குத் தினம் பொன்ழூர்னு பிரெஞ்சுல வணக்கம் சொல்லி வெக்கிறியா?"

"பஸ் வந்தப்புறம் செருப்பு தேடுற ஆளு நீ, மாப்ள. நான் போட்டுகினு நிக்கிறேன்."

அப்படியேதான் போனாய். கடைசியில் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசியபோது, என்னைக் காட்டி, "நான் ரெடி சாமி. இவன்தான் இன்னும் செருப்பு தேடிகினு இருக்கான்" என்றாய். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்தது. சாகிறவன் இப்படியா மச்சான் சிரிக்க வைப்பது?

இப்போது சேதி. உன் தங்கச்சி வயிற்றில் கட்டி. ஆபரேஷன் என்றார்கள். ஜெயாவை உனக்குத் தெரியும், வாய் ஓயாதவள். ஆபரேஷன் அன்று காலை பச்சை கவுனைப் போட்டுப் படுக்க வைத்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "செபம் வரலைங்க. அருள் நிறைந்த மரியேகூட மறந்துபோச்சு. நான் இப்படியே போயிட்டா?" என்றாள்.

அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். பூசைக்கே தூங்குகிறவன். என்னிடம் என்ன இருக்கிறது? வாயைத் திறந்தேன். உன் செபம் வந்தது மச்சான்! நான் உட்கார்ந்து படித்ததில்லை. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு ஒட்டியிருக்கிறது. கேட்டபடியே முழுசாகச் சொன்னேன்.

"ஆண்டவரே, நீர் கூப்பிடும்போது, யோவ் வாசல்ல சைக்கிளை நிறுத்தாதப்பா, பயமில்லாமல் எழுந்து வர, மாப்ள அந்தப் பம்பை எடு, இன்றைக்கே என்னைத் தயார் செய்யும்."

நடுவில் நீ போடும் சத்தம் எது, செபம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஜெயா முதலில் என்னை முறைத்தாள். அப்புறம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அண்ணனேதான். இன்னொருவாட்டி சொல்லுங்க, பம்பை விட்ராதீங்க" என்றாள். அடுத்த தடவை அவளும் சேர்ந்து சொன்னாள். தள்ளிக்கொண்டு போக வந்த நர்ஸிடம், "பயமில்லம்மா, போலாம்" என்றாள்.

மச்சான், அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியபோதே நாம் ஜெயித்துவிட்டோம். கட்டி முழுசாக வந்துவிட்டது, கெட்டது எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னது அதற்கப்புறம்தான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கதையில் எண்ணெயைப் பங்கு கொடுக்க முடியாது என்றல்லவா வருகிறது? நீ எப்போது என் கேனில் ஊற்றினாய்? இல்லை, தினமும் டீக்கு வந்தபோது நானே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டேனா?

இப்போது ஜெயா எழுந்து நடக்கிறாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் தினமும் நான் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடுமுன் நானும் அவளும் அந்தச் செபத்தைச் சொல்வோம். எனக்காகவும் சொல்வேன், கடைசிவரை சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நேற்று உன் கல்லறைக்கு ஜெயா தானே நடந்து வந்தாள். உனக்கென்று பெரிய சம்பங்கி மாலை வாங்கி வண்டி ஹேண்டிலில் மாட்டியிருந்தேன். மெழுகுவத்தி வாங்கித் திரும்புவதற்குள் ஆடு தின்றுவிட்டது. மிஞ்சிய நாரைத்தான் உனக்குப் போட்டிருக்கிறோம்.

உன் தங்கச்சி புருஷன்,
மரியதாஸ்