பாலத்தடிக் கல்

இன்று மெட்ரோவில் வீடு திரும்பும்போது விரல்களில் மெழுகு மணத்தது. வந்தும் கை கழுவ மனம் வரவில்லை. நவம்பர் பிறந்துவிட்டது. இந்த முறை நீர் கூட வராமல், சிநேகிதி, தனியே அந்தக் கல்லடிக்குப் போய் வந்தேன்.

முதல்முறை உம்மைக் கூட்டிப் போனவள் நான்தான். சரித்திரம் எழுதுகிறவளுக்குச் சாவு வாசிப்பதே தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசிக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறி, காய்ச்சலோடு இந்த நகரத்தில் இறங்கி, ஆற்றங்கரைக் கொட்டில்களில் செத்துக் குவிந்தவர்களைப் பற்றி அப்போது வாசித்துக்கொண்டிருந்தேன். லாசாலில் உமது வீட்டுக் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து அதைச் சொன்னபோது, பார்க்க வேணும் என்றீர். தெருவுக்கு நடுவே, இரண்டு பக்கமும் லொறிகள் பறக்க, அந்தக் கருங்கல் நின்றது. பாலம் கட்ட வந்தவர்கள் எலும்புகளைக் கண்டு நாட்டிய கல். செத்தவர்களின் தொகை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. ஏழைகள் என்றால் சரித்திரத்துக்கு எப்போதும் இந்தச் சிக்கனம்தான் என்று நான் எரிந்து விழுந்தேன். நீர் கைப்பையிலிருந்து மெழுகுதிரி எடுத்தீர்.

மன்னாரில், இறந்த ஆத்துமாக்களின் நாளில், கல்லறை தெரியாதவர்களுக்குச் சேமக்காலையில், அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் கொளுத்துவார்களாம். இங்கே இந்தக் கல்தான் அந்தச் சிலுவை என்றீர். அதன்பின் ஒவ்வொரு நவம்பரும் போனோம்.

யாரோ அயர்லாந்துக்காரருக்குக் கொளுத்திய நீர், ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல்போன உமது மகனுக்கு ஒருநாளும் கொளுத்தவில்லை. வாய் சும்மா இராமல் ஒருமுறை கேட்டுவிட்டேன், அவனுக்கும் ஒன்று வைக்கலாமே என்று. நீர் என் பக்கம் திரும்பவில்லை.

“நீர் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டீர். நான் மட்டும் ஆதாரம் இல்லாமல் என்ரை பிள்ளையைச் சாகக் குடுக்கவோ?”

 

மாசியில் நீர் போய்விட்டீர். உறைந்த நிலம் இளகும்வரை காத்திருந்து சித்திரையில்தான் உம்மைப் புதைத்தோம். போன கிழமை உமது மகள் தொலைபேசி எடுத்தாள். கல்லறைக் கல் எழுதக் கொடுக்கிறாளாம், உமது பெயருக்குக் கீழே அண்ணாவின் பெயரையும் போடட்டுமா என்று கேட்டாள். பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலுமாக அழுதாள்.

“அவருக்கும் ஒரு இடம் வேணும் அன்ரி. இனி ஆர் அவரைத் தேடப்போயினம்?”

அவள் கேட்டது நியாயம். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். உமக்கும் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும், பொறு பிள்ளை என்றேன். எவ்வளவு காலத்துக்கு என்று அவள் கேட்கவில்லை, நல்லகாலம்.

இன்று இரண்டு மெழுகுதிரி கொண்டுபோனேன். காற்றுக்குக் கை மறைத்து உமக்கு ஒன்றைக் கொளுத்தினேன். உமக்கு ஆதாரம் இருக்கிறது, உமது பெட்டிமேல் மண் போட்டவள் நான். மற்றதைப் பிடித்தபடி குளிரில் நெடுநேரம் நின்றேன். அது இன்னும் என் கோட்டுப் பையில் கிடக்கிறது.