கேட்பதற்கு முன் கொடுத்த வாக்கு

செப்டம்பர் 9, செவ்வாய்

கதவுப் பெயரட்டைகள் முடிந்தன. மூன்றாம் மாடியில் இனிப் பெயரில்லாத கதவு இல்லை. மற்ற மாடிகளின் பொறுப்பாளர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், அச்சிட்டு ஒட்டிவிட்டார்கள். நான் ஒவ்வொரு பெயரையும் மை தொட்டு என் கையால் வரைந்தேன். நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறவரைத் தொழுகிற நான், பிறர் பெயரை அவசரமாய் எழுதலாமா?

அறுபத்தாறு வயதில் வேதப் படிப்புக்கு வந்து நின்றவளிடம், "அறையும் உணவும் தருகிறோம், ஒரு மாடிப் பெண்களைப் பார்த்துக்கொள்" என்றது கல்லூரி. சபையில் என்னைத் தாய் என்று அழைப்பார்கள். இங்கே நான் ஆர்.ஏ. — மாடிப் பொறுப்பாளர்.

எதிர் அறை லட்ரிஸ் தன் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ் வெர்லீன், எங்க பாஸ்டரைவிட எங்க ஆர்.ஏ.வுக்கு வயசு ஜாஸ்தின்னு அம்மாகிட்ட சொன்னேன். இன்னும் சிரிச்சு முடிக்கலை."

"வரச் சொல்லு கண்ணு. அவங்களுக்கும் ஒரு அட்டை எழுதித் தர்றேன்."

கடைசி அறை ரெனிட்டா ஆஷ்பி மட்டும் தன் அட்டையை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

மின்தூக்கி இல்லாத கட்டடம். வலது முழங்கால் ஏதோ முறையிடுகிறது. நான் செவி கொடுப்பதில்லை.

அக்டோபர் 2, வியாழன்

தீ ஒத்திகை. மணி அடித்ததும் முதலில் புல்வெளியில் நின்றது என் மாடி. தலையில் தூங்கப் போடும் பட்டுத் தொப்பியும் காலில் செருப்புமாக அத்தனை பேரும் வரிசையாய். விடுதி மேலாளர் ப்ரூயிட் — இருபத்தேழு வயது, எனக்கு மேலதிகாரி — வியந்து நின்றார்.

"என்ன மந்திரம் போட்டீங்க, மிஸ் வெர்லீன்?"

"காலையில சோள ரொட்டி சுட்டு இங்க கொண்டுவந்து மூடி வச்சிட்டேன், மிஸ்டர் ப்ரூயிட். மணி அடிச்சா வெளியில என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

பெருமை பாவம் என்று போதித்தவள்தான் நான். இருந்தாலும் அந்த வரிசையைப் பார்த்தபோது, ஆண்டவரே, நீர் என்னை மன்னிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 19

சன்னல் திறப்பதா மூடுவதா என்று இரண்டு பெண்களுக்குள் ஒரு வாரப் போர். சமாதானம் செய்தாயிற்று. பாதி திறப்பு.

நவம்பர் 26, புதன்

நன்றி கூறும் திருநாளுக்கு விடுதியை மூடினோம். எல்லாரும் வீடு போனபின் ஒவ்வோர் அறையாக நான் போக வேண்டும்: சன்னல் கொக்கி, குப்பை, குளிர்பெட்டியின் மின்கம்பி, வெப்பத்தைக் குறைத்தல், பூட்டு. பழைய துதிப்பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டே போனேன். வெற்று நடைகூடத்தில் என் குரல் எனக்கே இனித்தது.

"மூன்றாம் மாடி காலி" என்று கையொப்பமிட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். "உங்க மாடி அளவுக்கு நேர்த்தியா எதுவும் மூடலை, மிஸ் வெர்லீன்" என்றார் ப்ரூயிட். அக்காள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் வண்டியில் என்னோடு வந்தது.

டிசம்பர் 3, புதன்

மாலைப் பாடம் முடிந்து வந்தேன். ரெனிட்டா என் கதவருகே நின்றிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு முதல்ல சொல்லுங்க."

"இது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல கண்ணு. சொல்லு."

பலிபீடத்தின் முன் மண்டியிட்டு அழுகிறவர்களிடம் காலமெல்லாம் நான் சொல்லி வந்த வாக்கியம். நாக்கு அதற்குப் பழகியிருந்தது. ஆகஸ்ட் பயிற்சியில் ப்ரூயிட் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த ஒன்றைத்தான்: "என்ன சொல்லப்போறாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடி 'வெளியில சொல்லமாட்டேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க." ஈரமில்லாத விதி என்று அன்று நினைத்தேன்.

அவள் சொன்னாள். விடுமுறைக்குப் போவதாக எங்களிடம் சொல்லியிருந்த மெம்ஃபிஸ் அத்தை என்று யாரும் இல்லை. அரசு ஒப்படைத்த வளர்ப்பு வீடுகளில் வளர்ந்தவள். பதினெட்டு நிரம்பியதும் கடைசி வீடும் முடிந்தது. போன விடுமுறை முழுவதும் விடுதியிலேயே, விளக்கேற்றாமல், இருக்கிற உடைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் அதே திட்டம்.

"நான் உன் அறையைப் பார்த்தேனே."

"பார்த்தீங்க. நான் துணி அலமாரிக்குள்ள இருந்தேன். நீங்க பாடிட்டே வந்தீங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது அடி தப்பு, மிஸ் வெர்லீன்."

டிசம்பர் 4

தூக்கமில்லை. கட்டடத்தில் நெருப்புப் பிடித்திருந்தால்? தீயணைப்பவர்கள் எதை நம்புவார்கள் — என் கையெழுத்தை. காலி என்று எழுதியிருக்கிறேன். காலியான மாடியில் யார் ஆளைத் தேடுவார்கள்? நான் பாடிக்கிட்டே போய் அந்தப் பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்.

சொன்னால் அவள் அறை போகலாம். விதி அப்படி. "இந்த ரூம் போச்சுன்னா எனக்கு விலாசமே கிடையாது" என்றாள்.

சொல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் அன்று மீண்டும் "காலி" என்று எழுத வேண்டும். இந்த முறை தெரிந்தே.

வாக்கு கொடுத்தது நான்தானே? கொடுக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

டிசம்பர் 5, வெள்ளி

விடிந்ததும் அவள் கதவைத் தட்டினேன்.

"முந்தாநாள் நான் குடுத்த வாக்கு, எனக்குக் குடுக்க உரிமை இல்லாத வாக்கு. அதைத் திருப்பி எடுத்துக்கறேன் ரெனிட்டா. மிஸ்டர் ப்ரூயிட்கிட்ட சொல்லியாகணும்."

அவள் முகம் மூடிக்கொண்டதைக் கண்ணால் கண்டேன். "நீங்களும் அந்த அரசாங்க ஆளுங்க மாதிரிதான். சிரிச்சுக்கிட்டே கேட்டு எழுதிக்கறவங்க."

"உனக்குத் தெரியாம போக மாட்டேன். காலைச் சாப்பாடு முடிஞ்சதும் சேர்ந்து போவோம். நீ வரலைன்னாலும் நான் போவேன். ஆனா நீ வந்தா நீயே பேசலாம்."

கதவை அறைந்து சாத்தினாள். மறுகணம் திறந்து, பெயரட்டையை உரித்து எடுத்துக்கொண்டு மறுபடியும் மூடினாள்.

உணவுக்கூடத்தில் என் தட்டில் கிரிட்ஸ் சோளக் கஞ்சி ஆறிக் கட்டியாயிற்று. எல்லாரும் எழுந்து போன பிறகு, கோட்டு மாட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "போலாமா" என்று மட்டும் சொன்னாள்.

அவளே பேசினாள். ஒரு சொல் மிகையில்லை, ஒரு சொல் கெஞ்சல் இல்லை. அரசர்முன் நின்று வழக்குரைத்த பெண்களைப் பற்றி வேதத்தில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன், கண்டது இன்றுதான்.

ப்ரூயிட் நவம்பர் மாதப் படிவத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "மாடி காலின்னு நீங்க கையெழுத்துப் போட்டீங்க, மிஸ் வெர்லீன்."

"போட்டேன். அலமாரியைத் திறக்கலை. என் குரல்ல மயங்கிட்டேன்."

ரெனிட்டாவின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

விஷயத்தை மேலிடத்துக்கு அனுப்புகிறார். காத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 8

அவள் கதவு இன்னும் பெயரில்லாமல் இருக்கிறது. வணக்கம் சொன்னால் தலையசைக்கிறாள்.

டிசம்பர் 11, வியாழன்

தீர்ப்பு வந்தது. அறை அவளுக்கே. விடுமுறையில் போக இடமில்லாதவர்கள் யாரேனும் உண்டா என்று இந்தக் கல்லூரி முதன்முறையாகக் கேட்டது. மற்ற மாடிகளிலிருந்தும் சிலர் கை தூக்கினார்கள். அவர்களுக்காக ஒரு மாடி திறந்திருக்கும். உடன் தங்க ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம்.

"மூணாவது மாடியைத் திறந்து வைங்க. நான் இருக்கேன்" என்றேன்.

"அவ அறை போகும்னு வந்தா கொடி பிடிச்சு நிக்கப் போறீங்கன்னு நினைச்சேன்" என்றார் ப்ரூயிட். "உங்களுக்கும் எழுத்துல ஒரு கண்டிப்பு உண்டு. வேற வழியில்லை."

"வேணும் மிஸ்டர் ப்ரூயிட். கண்டிப்பா குடுங்க."

புதிய பெயரட்டை ஒன்று எழுதி அவள் கதவின் கீழே தள்ளினேன்.

டிசம்பர் 12

ஒட்டியிருக்கிறாள். கொஞ்சம் கோணல். திருத்தவில்லை.

டிசம்பர் 25

மாடிச் சமையலறையில் சர்க்கரைவள்ளி இனிப்பப்பம், வேகவைத்த கீரை, கோழி. வெப்பம் முழுதாய். சாப்பாட்டுக்கு முன் பாடச் சொன்னார்கள். இரண்டாவது அடியில் ரெனிட்டா என்னைத் திருத்தினாள். எல்லார் முன்னும்.

ஆகஸ்ட் 20, வியாழன்

படிப்பின் இரண்டாம் ஆண்டு. மூன்றாம் மாடி எனக்கே. இரண்டாம் மாடிக்குப் புதிய பொறுப்பாளர்: ரெனிட்டா ஆஷ்பி. பயிற்சி வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி. அந்த விதியை ப்ரூயிட் மறுபடி சொன்னபோது இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 14, புதன்

இன்று படியில் முழங்கால் மடங்கிவிட்டது. கைப்பிடியைப் பற்றினேன், கைப்பிடி காப்பாற்றியது. கீழேயிருந்து ரெனிட்டா பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்துத் தன் அறையில் உட்கார வைத்தாள்.

பல மாதமாய் மறைத்து வருகிறேன். சில நாள் கால் மரத்துப்போகிறது. சுற்றுக்குப் போகாமல் படியடியில் நின்றே "எல்லாரும் நலமா" என்று குரல் கொடுத்த நாட்களும் உண்டு. தெரிந்தால் மாடி போகும். மாடி போனால் அறை, அறை போனால் படிப்பு. இந்த வயதில் இன்னொரு கதவை யார் திறப்பார்?

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இது வெளியில—"

கையை உயர்த்தினாள்.

"மிஸ் வெர்லீன், நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். வெளியில சொல்லமாட்டேன்னு வாக்கு தர முடியாது. ஆனா முழுசா கேப்பேன். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட உங்ககூடவே வருவேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணும் நனைந்தது.

"பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களா?"

"முதல் பாதி மட்டும்தான்."

நானும் சொன்னேன். எல்லாவற்றையும்.

நாளைக் காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ப்ரூயிட்டிடம் போகிறோம். என் அறை வரை வந்து, கோட்டை எடுத்துக் கதவருகே கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.