ஏழாம் மாறுபாட்டில் முரசுக்கு வேலையில்லை

கிராட்ஸ்
19 அக்டோபர் 1897

அன்பு மகள் போல்டிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டி பாஸ்டனில் இருக்கும் நீயும் இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் ஒத்திகைக்கு முரசைத் தானே உருட்டிக்கொண்டுதான் போகிறார், சொன்னால் கேட்பதில்லை. இந்த வருஷம் பிளம் பழம் ஏராளம், பதினாறு ஜாடி ஜாம் கிளறி வைத்தேன், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் பொட்டலம் வந்தது. அப்பா முகம் மழிக்கும்போது விசிலடிக்கிற மெட்டை எடுத்து அதை விதவிதமாக மாற்றிப் பத்து மாறுபாடுகள் எழுதி நம் ஊர்ச் சங்கத்து இசைக்குழு வாசிக்க வேண்டும் என்று அனுப்பியிருக்கிறாய், பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தாள் எழுதிக் கொடுத்தது நான், என் விரலைக் கேட்டுப் பார். இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சங்கத்துக்குப் பிரதி எழுதுகிறேன், முதல் வயலின்காரரின் தாளும் ட்ரம்பெட்காரரின் தாளும் ஒரே கனத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. முதல் மாறுபாட்டில் எல்லாரும் வாசிக்கிறார்கள், இரண்டாவதில் எல்லாரும் வேகமாக வாசிக்கிறார்கள், மூன்றாவதில் எல்லாரும் சோகமாக வாசிக்கிறார்கள். இதற்குப் பெயர் மாறுபாடா? ஒரே மேற்சட்டையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு பத்து விருந்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது. ஒன்றைப் புல்லாங்குழலிடம் கொடு, ஒன்றை செல்லோக்களிடம் விடு, ட்ராம்போனைக் கடைசிவரை காக்க வை, அப்போதுதானே அவர் எழுந்து ஊதும்போது ஊதியது தெரியும். இத்தனை செலவு செய்து படிக்க வைத்ததற்கு இதைக்கூடவா அங்கே சொல்லித் தரவில்லை?

போன செவ்வாய்க்கிழமை ஒத்திகை. வேலையில்லாத பக்கங்களில் ஊதுகிறவர்கள் எதிர்க் கடைக்குப் போய் ஒரு குவளை பீர் குடித்துவிட்டு வருவது இங்கே வழக்கம் என்று உனக்குத் தெரியும். ட்ராம்போன் ஊதுகிற நெய்ஹோல்ட் தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “பீர் குடிக்கக்கூட நேரம் வைக்கலியேம்மா உங்க மக, அவளுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்” என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆறாவது முடிந்ததும் குழுவை நடத்துகிற ஸ்ட்ராட்னர் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டு, இதை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடலாம், இன்னும் ஒன்றே ஒன்றை மட்டும் பார்ப்போம் என்றார்.

ஏழாவது தொடங்கியது. வயலாக்கள் மட்டும் நாலு குரலாகப் பிரிந்து, மேலே ஒரே ஒரு கிளாரினெட். கொம்பு, ட்ரம்பெட், முரசு எதுவும் இல்லை. அப்பா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று தலையைத் தூக்கினார். அதுவரை ஆறு தடவை அந்த மெட்டின்மேல் முரசை அடித்தவருக்கு அது தன் மெட்டு என்றே தெரிந்திருக்கவில்லை, நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார், நெய்ஹோல்ட் வாசல்வரை போனவர் அப்படியே நின்றுவிட்டார். முடிந்ததும் ஸ்ட்ராட்னர், “இதுக்காகத்தான் இவ்வளவு நேரம் எல்லாரையும் கத்த விட்டாளா, கெட்டிக்காரிதான்” என்று சொல்லி, அடுத்த மாதம் இசைக்காரர்களின் புனிதை செசிலியா திருநாள் கச்சேரிக்கு உன் பெயரை எழுதிக்கொண்டார். நான் அழுதேன் போல்டி, மறைக்கவில்லை.

இனி ஜாம். மறுநாள் காலை ரொட்டிக்கு ஒரு ஜாடியைத் திறக்கப் போனேன். வீணான ஸ்வரத் தாளால் ஜாடி வாயைக் கட்டுவதுதான் நம் வீட்டு வழக்கம். கயிற்றை அவிழ்த்தால் உன் கையெழுத்து. ஏழாம் மாறுபாட்டின் கொம்பு, ட்ரம்பெட், ட்ராம்போன், முரசு, அத்தனையும் அந்த ஒரு தாளில், ஓரமெல்லாம் பிளம் சாறு. வயலாக்களை நாலாகப் பிரித்ததில் பக்கத்தில் ஸ்வரக் கோடுகள் போதாமல் மீதியைத் தனித்தாளில் எழுதி, பக்கத்தின் அடியில் ‘பின்தாள் பார்க்க’ என்று பென்சிலில் கிறுக்கியிருக்கிறாய். பென்சிலில்! பொட்டலம் பிரித்த காகிதங்களோடு அந்தத் தனித்தாள் சமையலறைக்குப் போய்விட்டது. ஆக, உன் கெட்டிக்காரத்தனம் முழுக்க என் ஜாம் ஜாடியின் சாமர்த்தியம்.

யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ட்ராட்னர் நேர்மையான மனிதர், சொன்னால் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிடுவார், பிறகு உன் பொட்டலத்தையே திருப்பி அனுப்பிவிடுவார். அப்பாவிடமும் சொல்லவில்லை. இப்போது காலையில் அந்த மெட்டை வயலாக்கள் வாசித்த நிதானத்தில் விசிலடிக்கிறார், என் மகள் எனக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் உட்கார்ந்து கேட்க வைத்தாள் என்று தெருவில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தந்தி கிந்தி அடித்துக் காரியத்தைக் கெடுக்காதே. உன்னிடம் இருக்கும் பிரதியில் ஏழாவதில் இருக்கிற கொம்பு, ட்ரம்பெட், ட்ராம்போன், முரசு அத்தனையையும் நீயே அடித்துவிடு, மையால் அடி. இரண்டாவதிலும் நாலாவதிலும் பாதிப் பேரை உட்கார வைத்துத் திருத்தி உடனே அனுப்பு, நான் திரும்ப எழுதிக் கொடுக்கிறேன். கம்பளி உள்சட்டை போட்டுக்கொள். கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் காதையும் சேர்த்து. படித்ததும் இதை அடுப்பில் போடு.

இருபத்திரண்டு வருஷத்தில் பிரதி எழுதுவதில் ஒரு தவறும் செய்யாத உன் அம்மா,
கிரெசென்ஸ்