வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்டினாள் தேன்மொழி

கூட்டம் கலைந்த பின்னும் எனக்காகக் கைதட்டி நின்றவளே, என் தங்கை மலர்க்கொடி,

நம் செல்லூர் வீட்டு வாசலில் இந்தக் கோடையில் மீண்டும் வேப்பிலை கட்டினார்கள். தம்பி மனைவி தேன்மொழிக்கு அம்மை. வயிற்றில் ஏழாம் மாதம். உனக்கும் அன்று அதே மாதம்தானே? அதே வாசல்தானே?

கொப்புளங்கள் வாடத் தொடங்கிய வேளையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மல்லாந்து படுக்க இயலவில்லை. சுவரில் சாய்ந்தே கிடந்தாள். நெஞ்சு படபடத்தது, கால்கள் வீங்கின. உனக்குச் சொன்னதையே அம்மா அவளுக்கும் சொன்னார்: "புள்ள மேல ஏறி அமுக்குது. புள்ளத்தாச்சின்னா அப்படித்தேன் இருக்கும்."

"டாக்டர்ட்டக் காட்டுவோம்மா" என்றேன்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம படி தாண்டக் கூடாதுடி. ஆத்தா கோவிச்சுக்குவா. ஊருக்கெல்லாம் மைக்குல பேசு, இங்க வாய மூடு."

தண்ணீர் ஊற்றும்வரை வெளியேறக் கூடாது என்ற அந்த வழக்கத்துக்குள்தான் நீயும் மூச்சுத் திணறிக் காத்திருந்தாய். மறுநாள் ஊற்றுவதாக இருந்தார்கள். நீ இருக்கவில்லை. "ஆத்தா அழைச்சுக்கிட்டா" என்றது தெரு. அழைத்தாளா, மலர்? அந்தச் சொல்லை நான் அன்றும் ஏற்கவில்லை. இன்றும் ஏற்க மாட்டேன்.

மேடைக்கு மேடை முழங்கிய என் சொற்களில் ஒன்றுகூட அம்மாவை அசைக்கவில்லை. அசைத்தவள் தேன்மொழி. வாக்கியத்துக்கு நடுவே மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்: "ஏன் அத்தை, ஆத்தா ஆட்டோல வரமாட்டாளா? வேப்பிலையக் கையில வச்சுக்கிறேன். அவளும் கூட வரட்டும்."

அம்மா வேப்பிலைக் கொத்தொன்றை எடுத்து அவள் கையில் திணித்தார். பிறகு, "குடையப் பிடிங்கடி, வெயிலு படப்போகுது" என்று தாமே முன்னால் படியிறங்கினார்.

மருத்துவமனையில் தனியறை தந்தார்கள். எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர் விளக்கினார். சூல் கொண்ட உடலில் குருதி பெருகி ஓடுவதால் இதயம் முன்னமே கூடுதலாக உழைக்கிறது. அந்த இதயத்தின் தசையை அம்மைத் தீநுண்மி தாக்கிவிட்டது. குருதியை இறைக்கும் வலிமை குன்றிவிட்டது. எல்லோருக்கும் நேர்வதில்லை, அரிது என்றார். வேறு தீநுண்மிக் காய்ச்சல்களும் இதயத்தைத் தாக்கலாம், காலில் குருதி உறைந்து, அது போய் நுரையீரலை அடைக்கவும் கூடும் என்றார்.

உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"பாக்காமச் சொல்ல முடியாதும்மா. இதயமோ நுரையீரலோ, எதுவா இருந்தாலும் மூச்சு வாங்குனப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்."

கேட்டுக்கொண்டிருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரை நான் என்னவென்று திட்டுவேன்? உன்னைக் காப்பதாக நம்பித்தானே உன்னைப் பூட்டி வைத்தார்?

தேன்மொழி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நேற்று, அடுக்கியிருந்த தலையணைகளில் ஒன்றைக் குறைத்துப் படுத்தாள். வயிற்றுப் பிள்ளையின் இதய ஒலியைக் கருவியில் கேட்ட அம்மா, "குதிரையில்ல ஓடுது!" என்றார். அடுத்த நொடி உன் பெயரைச் சொல்லி உடைந்து அழுதார்.

மலர், வேப்பிலையை நான் அவிழ்க்கப் போவதில்லை. கட்டுகிறவர்கள் கட்டட்டும். ஆனால் அதைக் காட்டி, மூச்சு வாங்கும் ஒரு பெண்ணை எவரேனும் உள்ளே நிறுத்தினால், அந்த நிலைப்படியில் நான் நிற்பேன். என்னைப் பழிக்கட்டும், தெருவே கூடித் தூற்றட்டும். சூல் கொண்டவளுக்கு அம்மையென்றால் முதல் கொப்புளம் தோன்றிய அன்றே மருத்துவரிடம் போ என்பேன். மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், ஒரு காலேனும் வீங்கி வலித்தால், ஒரு நாழிகையும் பொறுக்காதே என்பேன். அவளுக்கு நடக்க வலுவில்லையென்றால் தூக்கிக்கொண்டு போவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உனக்கு அக்காள்,
உன்னோடு போன பிள்ளைக்குப் பெரியம்மா,
பொற்செல்வி