சிவப்பு நங்கூரம்

அண்ணாச்சி,

காலையில் கடை திறக்கப் போனேன். தெரு முனையிலேயே எனாமல் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்தால், இந்தச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் குறுக்கே மூங்கில் கட்டி, நடுவில் பலகையில் தீட்டிய உங்கள் முகம். ‘கண்ணீர் அஞ்சலி’யாம். கீழே வியாபாரிகள் சங்கத்துப் பெரிய மனுசர் அத்தனை பேரும், உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். எழவு வீட்டிலும் விளம்பரம்.

தெருவுக்குள் போர்டு நீட்டக் கூடாது என்று நகராட்சி சொன்னதும் முதல் ஆளாகக் கழற்றியவர் நீங்கள். உங்களையே இப்போது தெருவுக்குக் குறுக்கே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

விளாத்திகுளத்திலிருந்து வந்து நான் ஆணியும் பெயிண்டும் விற்கத் தொடங்கியபோது அடுத்த கடை உங்களுடையது. தோணிக்காரர்களுக்குக் கயிறு, பாய்த்துணி, தார். உங்கள் போர்டில் எழுத்தே கிடையாது. பலகையில் அறுத்த நங்கூரம், சிவப்புப் பூசி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிறவன் தூரத்திலேயே பார்த்துவிடுவான். மாதா சப்பரம் வரும் நாளில் தெருவே போர்டுகளைக் கீலில் திருப்பிச் சுவரோடு மடக்கும். சப்பரம் போனதும் விரிக்கும். இடித்தது என்று ஒரு பேச்சு வந்ததில்லை.

அதன் பிறகுதான் நகராட்சிக்குத் திடீரென்று தெருவின் பழம்பெருமை ஞாபகம் வந்தது. டச்சுக்காரன் காலத்துச் சுவர்களின் அழகு கெடுகிறதாம். சுவரோடு ஒட்டிப் பலகை அடிக்கலாம், அல்லது சுவரிலேயே எழுதலாம், நீட்டினால் பிடுங்குவோம் என்றார்கள். நாம் இருவரும் போய்க் கேட்டோம்.

“மடக்குப் பலகைக்கும் அனுமதி எழுதுங்க சார். ஒடுக்கமான தெரு. ஒட்டி அடிச்சா, நடந்து வாரவன் கண்ணுல படாது” என்றீர்கள்.

அந்த அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை. “ஒட்டி வை, இல்ல எழுதி வை.”

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: “அண்ணாச்சி, ஒருத்தனும் கழட்ட மாட்டான். பொறுங்க.”

“ஏலே, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானல. நான் கழட்டுதேன். பாத்துட்டு மத்தவனும் கழட்டுவான்.”

“கழட்டுவான், உங்க வேட்டியை!”

சிரித்தீர்கள். ஆனால் கழற்றினீர்கள். சுவரோடு ஒட்டிய நங்கூரம் ஆள் கடந்து போன பிறகுதான் கண்ணில் படும். எழுத்தறியாத தோணிக்காரர்கள் உங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். போய் நின்ற இடம், கவுன்சிலர் மச்சினன் புதிதாகத் திறந்த கயிற்றுக் கடை. பாதித் தெருவுக்கு நீண்ட டியூப்லைட் போர்டு அவனுக்கு. நகராட்சியில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் சொன்னீர்கள்: “அது போர்டு இல்லியாம்ல. விளக்கு அலங்காரமாம்.” காறித் துப்பினீர்கள். நீங்கள் தெருவில் துப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடையை மூடிவிட்டு மாப்பிள்ளையூரணிக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது நங்கூரத்தை என்னிடம் தந்தீர்கள். “விறகுக்காவது ஆகும், வச்சுக்க.”

அதே மச்சினன்தான் இன்று சங்கத் தலைவர். காலையில் என் கடைக்கு வந்தார். “எப்படி இருக்கு போர்டு?”

“பெயிண்ட் என் கடையில வாங்கினது. அதுவரைக்கும் சுத்தம். அனுமதி வாங்கியாச்சா?”

“செத்தவருக்கு எதுக்கு அனுமதி?” என்று சிரித்தார்.

அவர் போனதும் டின்களுக்குப் பின்னாலிருந்து நங்கூரத்தை எடுத்தேன். தூசி தட்டி, சிவப்புப் பூசி, என் கடைச் சுவரில் கீல் அடித்து, தெருவைப் பார்க்க நீட்டி மாட்டினேன். கயிற்றுக்கும் சொல்லிவிட்டிருக்கிறேன். தர்மத்துக்கு இல்லை, விற்பதற்குத்தான்.

பெயிண்ட் காயவில்லை. ஒரு கிழட்டுத் தோணிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “கடையைத் திரும்பத் தொறந்தாச்சா? எங்க, அண்ணாச்சியைக் காணோம்?”

தெரு முனையைக் காட்டினேன். கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். “அது யாரு, புதுக் கவுன்சிலரா?”

சொன்னேன். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய முகத்துப் பக்கம் திரும்பவில்லை. நங்கூரத்தின் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நோட்டீஸ் வரும், தெரியும். சப்பரம் வந்தால் மடக்குவேன், அண்ணாச்சி. அதிகாரி வந்தால் மடக்க மாட்டேன்.