தைக்கு முன் ஒரு சோதனை

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்
2.9.2024

அன்புத் தம்பி கண்ணுச்சாமிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகன் கௌதம்ராஜுக்கு வலிப்பு ஏன் நிற்கவில்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். லாஃபோரா நோயாம். உடம்பு சேர்த்துவைக்கும் சர்க்கரையில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற ஒரு நொதி உண்டு. அந்த நொதியைச் செய்யும் இபிஎம்2ஏ என்ற மரபணு அவனுக்கு அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு பக்கமும் பழுது. சர்க்கரை கட்டிகட்டியாக மூளையில் தங்கிவிடுகிறது. குணமாக்க மருந்து இல்லை.

நான் நம் தாய்மாமனையே கட்டினேன். ஒரே பழுது எங்கள் இருவரிடமும் இருந்திருக்கிறது. என் மகள் பாண்டிசெல்விக்கு ஒரு பக்கம் மட்டும். அவளுக்கு நோய் வராது. உன் மகன் விமலுக்கும் அப்படி இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு வரலாம். அவர்கள் இருவருக்கும் தையில் கல்யாணம் என்றால், அதற்கு முன் அவன் இரத்தம் கொடுக்கட்டும்.

அக்கா பரிபூரணம்

ராஜபாளையம்
9.9.2024

அக்காவுக்கு,

என் மகன் இரத்தத்தைச் சோதித்துத்தான் பெண் கொடுப்பாயா? பாண்டிசெல்வி பிறந்த அன்றே 'உன் மருமகள்' என்று சொன்னவள் நீ. வெளியில் கொடுக்க ஆசையென்றால் நேராகச் சொல்.

கௌதமைப் பார்க்க மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் அவளுக்குத் தாய்மாமனும் நான்தான், மாமனாரும் நான்தான். தையில் சீரோடு வருவேன். இல்லையென்றால் உன் வாசலை மிதிக்க மாட்டேன்.

கண்ணுச்சாமி

ஸ்ரீவில்லிபுத்தூர்
18.11.2024

தம்பிக்கு,

விமல் தானாகவே போய் இரத்தம் கொடுத்துவிட்டான். அவனுக்கும் ஒரு பக்கம் பழுது. "அத்தை, அப்பாட்ட நீங்க சொல்லாதிய, நான் சொல்லுதேன்" என்றான். "மச்சான், நீங்க சொல்லி முடிக்கதுக்குள்ள அடுத்த தை வந்துரும்" என்று பாண்டிசெல்வி சிரித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கருவிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவள் இந்தக் கல்யாணமே வேண்டாமென்றுவிட்டாள். அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிடுகிறவள் அவள்தான்.

கௌதம் பேசுவதில் இப்போது 'மாமா' என்பது மட்டுமே புரிகிறது. ஒருமுறை வந்துவிட்டுப் போ.

அக்கா

ஸ்ரீவில்லிபுத்தூர்
6.1.2025

தம்பி,

போன் செய்தோம், நீ எடுக்கவில்லை. விமல் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விடியும்போது கௌதம் போய்விட்டான்.

சீரோடுதான் வருவேன் என்று எழுதியிருந்தாய். தாய்மாமன் கோடித்துணி போடாமல் அவனைத் தூக்கமாட்டார்கள். அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வா.

வெயில் இறங்கும்வரை வைத்திருப்போம்.

அக்கா